பெஞ்சில் உட்காரு, தம்பி!

இந்த வாரத் தபாலில் கால்பந்து வீரர்களைவிட அவர்களுடைய முட்டிகள்தான் அதிகம் எழுதியிருந்தன. எனவே சினிமா, அரசியல் கேள்விகள் அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கப்படுகின்றன.

ஒரு ஃபார்வர்டின் அம்மா, வியாசர்பாடி: பையனுக்கு 13 வயது. ஆடிவிட்டு வந்தால் முட்டிக்குக் கீழே புடைத்துக்கொண்டு வலிக்கிறது என்கிறான். கோச்சிடம் கேட்டால், ‘வளருற வயசும்மா, அப்படித்தான் இருக்கும்’ என்கிறார். நம்பலாமா?

பாதி நம்பலாம். வளருகிற வயசு என்பது சரி. அப்படித்தான் இருக்கும் என்று விடுவது தப்பு. தொடையின் முன்பக்கத் தசை முட்டிக்குக் கொஞ்சம் கீழே, கீழ்க்கால் எலும்பில் வந்து சேர்கிறது. அந்த இடம் உங்கள் பையனுக்கு இன்னும் முழு எலும்பாக இறுகவில்லை. ஒவ்வொரு உதையும் ஒவ்வொரு குதிப்பும் அதைப் பிடித்து இழுக்கிறது, அது வீங்குகிறது. மருத்துவர்கள் இதை ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பார்கள். இதே சமாசாரம் குதிகாலில் வந்தால் செவர் நோய். பெயர்தான் பயமுறுத்தும், எலும்பு வளர்ந்து முடிந்ததும் பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

அதுவரைக்கும் செய்ய வேண்டியது பயிற்சியைக் குறைப்பது. வலி தாங்கும் அளவுக்கு ஆடட்டும், நொண்டினால் வீட்டில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை சுவரில் அவன் உயரத்தைக் குறித்து வையுங்கள். கோடு கிடுகிடுவென்று ஏறும் மாதங்களில்தான் காயமும் அதிகம் வரும். ஐரோப்பாவின் பெரிய கிளப் அகாடமிகள் இதைத்தான் கம்ப்யூட்டர் வைத்துச் செய்கின்றன. உங்களுக்கு ஒரு பென்சில் போதும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சல், மூட்டே பந்துபோல் வீங்குவது, இடுப்பை அசைக்கும்போது வலி — இதில் எது இருந்தாலும் கோச்சிடம் கேட்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். இந்த வயதில் இடுப்பு மூட்டில் வரும் கோளாறு முட்டி வலியாகத் தலைகாட்டுவது உண்டு.

ஓர் அப்பா, திருப்பூர்: என் மகள் பள்ளி டீம், கிளப் டீம், மாவட்ட டீம் மூன்றிலும் ஆடுகிறாள். எவ்வளவு நேரம் ஆடலாம்?

வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சியும் போட்டியும் வேண்டாம் என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அதைத் தாண்டிய பிள்ளைகளுக்குத் தேய்மானக் காயங்கள் கூடுதலாக வந்ததைப் பார்த்துச் சொன்னது. மூன்று கோச்சுகளுக்கும் உங்கள் மகளைத் தெரியும். மற்ற இரண்டு கோச்சுகள் அவளை எவ்வளவு ஓடவிடுகிறார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. கூட்டிப் பார்க்கும் வேலை உங்களுடையது.

ஸ்பெயினின் பெட்ரி 2020-21 சீசனில் பார்சிலோனாவுக்கும் நாட்டுக்குமாகச் சேர்த்து 73 ஆட்டம் ஆடினார். அப்போது அவருக்கு 18 வயது. அடுத்த சீசனில் பெரும்பகுதியைத் தொடைக் காயம் தின்றது. அவருக்கே அந்தக் கதி.

உதவி கோச், தூத்தூர்: எங்கள் கடற்கரையில் பசங்க இரண்டு ரவுண்டு ஓடுவார்கள், குனிந்து காலைத் தொடுவார்கள், இறங்கிவிடுவார்கள். அது போதாதா?

காலைத் தொடுவதால் கால் இருக்கிறது என்று உறுதியாகும். அதற்கு மேல் பெரிய பயன் இல்லை. நின்ற இடத்தில் நெடுநேரம் தசையை இழுத்துப் பிடிப்பது காயத்தைத் தடுக்கும் என்பதற்குச் சான்று பலவீனம். ஆட்டத்துக்குச் சற்றுமுன் செய்தால் காலின் வேகமும் கொஞ்சம் குறையும்.

செய்ய வேண்டியது எதுவென்று கண்டுபிடித்தாகிவிட்டது, அதுவும் இலவசமாக. ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வு மையம் நார்வே, அமெரிக்க நிபுணர்களோடு சேர்ந்து 2006-இல் வடிவமைத்த ‘11 பிளஸ்’ என்ற வார்ம்-அப். மொத்தம் 15 பயிற்சிகள், பழகிவிட்டால் 20 நிமிடம். முதலில் 8 நிமிடம் மெதுவான ஓட்டம்: இடுப்பைச் சுழற்றி, தோளோடு தோள் மோதி, முன்னும் பின்னும் ஓடுவது. அடுத்த 10 நிமிடம் பலத்துக்கும் சமநிலைக்கும்: முழங்கையை ஊன்றிப் பலகைபோல் நிற்பது, ஒற்றைக்காலில் நின்று பந்தைப் பிடிப்பது, குந்தி எழுவது, குதித்து இறங்குவது. கடைசி 2 நிமிடம் வேகமாக ஓடி, காலை ஊன்றித் திரும்புவது. ஆட்ட நாளில் நடுப்பகுதி வேண்டாம், ஓட்டங்கள் மட்டும் போதும்.

நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் 1,892 பேரை ஒரு சீசன் முழுக்கக் கவனித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். இதைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன, கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாக. அமெரிக்கக் கல்லூரி ஆண்களிடம் செய்து பார்த்தபோது 46 சதவீதம் குறைந்தது. 7 முதல் 13 வயதுக் குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு வடிவம் உண்டு. அதில் எப்படி விழுவது என்றுகூடச் சொல்லித்தருகிறார்கள். அதிலும் காயம் பாதிக்குப் பாதி குறைந்தது.

கோச் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா? சாய்ந்தால் நிறுத்தித் திருத்துங்கள். எண்ணிக்கையை முடிப்பதற்காகச் செய்கிற பயிற்சியை உடம்பு கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

ஐ.டி. கம்பெனி டிஃபெண்டர், சோழிங்கநல்லூர்: டர்ஃப் கிடைப்பதே ஒரு மணி நேரம். அதில் 20 நிமிடத்தை வார்ம்-அப்புக்குக் கொடுத்தால் ஆடுவது எப்போது?

டர்ஃபுக்குத்தான் வாடகை, பார்க்கிங்குக்கு இல்லையே! முந்தைய குழு முடிக்கும்வரை வாசலில் நின்று செல்போன் பார்க்கும் அந்த 20 நிமிடத்தைச் சொல்கிறேன்.

உங்களைப் போலவே பகலில் வேலையும் மாலையில் கால்பந்துமாக இருக்கும் ஆஸ்திரேலிய கிளப் வீரர்களிடம் ஒரு சோதனை நடந்தது. பலப் பயிற்சிப் பகுதியை மட்டும் எடுத்துப் பயிற்சி முடிந்தபின் செய்யச் சொன்னார்கள். காயங்களின் எண்ணிக்கை மாறவில்லை; ஆனால் கடுமையான காயங்களும், ஆடாமல் வீணான நாட்களும் குறைந்தன. முன்பைவிட ஒழுங்காகவும் செய்தார்கள். பிரித்துச் செய்யலாம், விட்டுவிடத்தான் கூடாது.

அதே டிஃபெண்டர்: ஒரு துணைக்கேள்வி. டர்ஃபில் நீளமான ஸ்டட் பூட் போடலாமா?

வேண்டாம். புல் தரைக்கான நீள ஸ்டட் செயற்கைத் தரையில் மாட்டிக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. நடுவில் இருக்கும் முட்டிதான் பில் கட்டும். டர்ஃபுக்கென்று சின்னச் சின்னக் குமிழ் வைத்த பூட் கிடைக்கிறது. இன்னொன்று: அங்கே நகர்த்தும் கோல்போஸ்ட் இருந்தால், அது தரையோடு கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆடுங்கள். கம்பத்தில் தொங்கிய குழந்தைகள்மீது அது கவிழ்ந்து உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு.

கல்லூரி மாணவி, மதுரை: சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றதைப் பார்த்து ஆட வந்தவள் நான். பெண்களுக்கு முட்டி லிகமென்ட் சீக்கிரம் கிழியும் என்று அத்தை பயமுறுத்துகிறார்.

அத்தை சொன்ன தகவல் சரி, அதிலிருந்து எடுத்த முடிவுதான் தப்பு. முழங்காலின் நடுவில் இருக்கும் ஏ.சி.எல். லிகமென்ட் கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். உடலமைப்பு, ஹார்மோன் என்று பல காரணம் சொல்கிறார்கள். மாற்ற முடிந்த காரணங்களும் இருக்கின்றன. பையன்களுக்குச் சிறுவயதிலிருந்தே குதித்து இறங்கவும் எடை தூக்கவும் கிடைக்கும் பழக்கம் பெண்களுக்குக் கிடைப்பதில்லை. பெண்கள் அணிக்குப் பிசியோ கடைசியாக வருகிறார், மைதானமும் கடைசியாகக் கிடைக்கிறது.

சுவீடனில் 12 முதல் 17 வயதுப் பெண்கள் 4,500-க்கு மேற்பட்டவர்களை வைத்து ஆய்வு செய்தார்கள். வாரம் இரண்டு நாள், 15 நிமிடம், முட்டியைக் கட்டுப்படுத்தும் ஆறு பயிற்சிகள். நடத்தியது அவர்களுடைய கோச்சுகளே. ஏ.சி.எல். காயம் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைந்தது. 2012-இல் செய்தி வெளியாகி இத்தனை வருடம் ஆகிறது. அத்தை வீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. நீங்கள் எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு விங்கர், சேலம்: கடுகுபோல ஷின் கார்டு போடுவது இப்போது ஃபேஷன். தப்பா?

ஷின் கார்டு 1990-லிருந்து கட்டாயம். எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. பொருத்தமானதைப் போடுவது வீரரின் பொறுப்பு என்று மட்டும் சொல்கிறது. எதிரணி டிஃபெண்டர் உங்கள் காலில் அந்தக் கடுகைக் குறிபார்த்துத்தான் உதைப்பார் என்றால் தாராளமாகப் போடுங்கள்.

பேருந்து நடத்துனர், லீக் வீரரும்கூட, சென்னை: தொடைக்குப் பின்னால் ஒவ்வொரு சீசனும் பிடித்துக்கொள்கிறது. என்ன பாவம் செய்தேன்?

பாவம் எதுவுமில்லை சார். போன முறை காயம் ஆறுவதற்குள் இறங்கியிருப்பீர்கள். ஹாம்ஸ்ட்ரிங் என்கிற அந்தப் பின்தொடைத் தசையைப் பொறுத்தவரை அடுத்த காயத்துக்கு முதல் காரணம் முந்தைய காயம். இங்கிலாந்தின் மைக்கேல் ஓவனுக்கு 19 வயதில் அந்தத் தசை கிழிந்தது. 2001-இல் ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருதைக்கூட வாங்கினார். ஆனால் பழைய ஓட்டம் திரும்பி வரவேயில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மருந்து எளிது, கொஞ்சம் கொடுமை. மண்டியிட்டு நில்லுங்கள், நண்பர் உங்கள் கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும். உடம்பை நேராக வைத்துக்கொண்டு, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாயுங்கள். கடைசியில் கையை ஊன்றிக்கொள்ளுங்கள். நார்டிக் பயிற்சி என்று பெயர். முதல் வாரம் 5 முறைக்கு மேல் வேண்டாம். மறுநாள் மாடிப்படி உங்களைப் பார்த்துச் சிரிக்கும். விடாமல் செய்தவர்களுக்கு ஹாம்ஸ்ட்ரிங் காயம் சுமார் பாதியாகக் குறைந்திருக்கிறது. இவ்வளவு மலிவான வைத்தியத்தைத் தொழில்முறை கிளப்புகளே பெரும்பாலும் ஒழுங்காகச் செய்வதில்லை என்பது வேடிக்கை. நாள் முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டு மைதானத்துக்குப் போகிற உங்களுக்கு இன்னொரு மருந்து தூக்கம். ஷிஃப்ட் முடிந்த இரவில் அதைத்தான் முதலில் வெட்டுகிறீர்கள்.

பெயர் வெளியிட விரும்பாத ஸ்ட்ரைக்கர், கூடலூர்: அணிக்கு ஏழு பேர் ஆடும் மலப்புறம் செவன்ஸில் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று சம்பளம். கணுக்கால் வீங்கியிருக்கிறது. ஃபைனலுக்கு ஊசி போட்டுக்கொண்டு இறங்கலாம் என்கிறார் மேனேஜர்.

ஊசி போடுவது உங்கள் காலுக்கு, கோப்பை போவது அவர் அலமாரிக்கு. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுவது கூடலூரில் மட்டும் நடப்பதல்ல. 2010 உலகக் கோப்பையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு வீரர்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு வலி நிவாரணி எடுத்ததாக ஃபிஃபா மருத்துவர்களே எழுதினார்கள். ஆனால் அவர்களுக்கு மறுநாள் ஸ்கேன் எடுக்க டாக்டர் இருந்தார், ஆடாவிட்டாலும் சம்பளம் இருந்தது. செவன்ஸ் வீரருக்கு ஒப்பந்தம் இல்லை, காப்பீடு இல்லை, ஆடாத இரவுக்குக் காசும் இல்லை. கேலரியில் ஆயிரக்கணக்கில் டிக்கெட் விற்கிற போட்டியில் காயத்தின் செலவு முழுவதும் உதைத்தவனுடையது. இது அநியாயம் என்றுதான் சொல்வேன். கமிட்டிகள் டிக்கெட் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, குழுவாக விபத்துக் காப்பீடு எடுத்தாலே பாதி ஊசிகள் குறைந்துவிடும்.

உங்களுக்குச் சொல்வது: மரத்துப்போன கணுக்கால் இன்னொரு முறை மடங்கினால் உங்களுக்கே தெரியாது. வாயில் போடுகிற மாத்திரையும் கோடை ஆட்டத்தில், தண்ணீர் குறைந்த உடம்பில் சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும். ஒரு ஃபைனலை விடுங்கள். மேனேஜர் கோபித்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். திட்டை நான் வாங்கிக்கொள்கிறேன்.

ஆட்டோ ஓட்டுநர், கடலூர்: கணுக்கால் மடங்கினால் புத்தூர் கட்டு போடலாமா, எக்ஸ்ரே எடுக்கணுமா?

வலியோடாவது நான்கு அடி நடக்க முடிகிறதா? கணுக்காலின் இரண்டு பக்க எலும்பு மேட்டின் பின்புறத்தை அழுத்தினால் உயிர் போகிறதா? நடக்க முடியாவிட்டாலோ எலும்பில் வலித்தாலோ எக்ஸ்ரே. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வகுத்த விதி இது. உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இதைத்தான் பார்க்கிறார்கள். எலும்பு முறிந்ததா என்று தெரியாமல் யார் கட்டினாலும் தப்பு. எந்தக் கட்டாக இருந்தாலும் விரல் மரத்து, நீலம் பாய்ந்தால் உடனே அவிழ்க்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நுனியில் முறிவு என்றால் கட்டாயம் எலும்பு மருத்துவர்தான். கோணலாகச் சேர்ந்தால் கால் கோணலாகவே வளரும்.

பெண் வாசகர், காரைக்கால்: ஐஸ் வைக்கலாமா, கூடாதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஐஸ் வைக்கச் சொல்லி 1978-இல் பிரபலமாக்கிய அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே 2014-இல், அது ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று சொல்லிவிட்டார். வலி குறைய முதல் நாள் 10-15 நிமிடம், துணி சுற்றி வைக்கலாம். வலி ஸ்ப்ரே அடித்துவிட்டு ஆட அனுப்புவதுதான் கூடாது.

இன்ஜினியரிங் மாணவர், நாகர்கோவில்: ஏ.சி.எல். ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம். ஓட முடிகிறது. இறங்கலாமா?

ஓடுவதும் ஆடுவதும் ஒன்றல்ல தம்பி. ஒன்பது மாதம் வரைக்கும் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி காயம்படும் வாய்ப்பைப் பாதியாகக் குறைத்ததாக நார்வே ஆய்வு ஒன்று 2016-இல் சொன்னது. காலண்டர் மட்டும் போதாது. ஒற்றைக்காலில் தாண்டும் தூரம், தொடையின் பலம் இரண்டும் நல்ல காலோடு கிட்டத்தட்டச் சமமாக வர வேண்டும். உங்கள் மாவட்டத்து மைக்கேல் சூசைராஜ் 2020 நவம்பரில் ஐ.எஸ்.எல். சீசனின் முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு, அந்த சீசன் முழுக்க வெளியே இருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய கிளப்பே இருந்தது.

பள்ளி உடற்கல்வி ஆசிரியர், தஞ்சாவூர்: தலையில் அடிபட்ட பையன் ‘நல்லா இருக்கேன் சார், ஆடுறேன்’ என்கிறான்.

2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் மோதி விழுந்தார், எழுந்து கால் மணி நேரம் ஆடினார். நடுவே நடுவரிடம் போய், ‘இது ஃபைனலா?’ என்று கேட்டார். அவரும் நல்லாத்தான் இருக்கிறேன் என்றிருப்பார்.

மூளை அதிர்ச்சியைப் பற்றி அதிர்ந்த மூளையிடமே கேட்கக் கூடாது. சந்தேகம் வந்தாலே வெளியே. அன்றைக்குத் திரும்ப இறக்கவே கூடாது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பம், வலிப்பு என்றால் மருத்துவமனை. பள்ளிப் பிள்ளைகள் முதலில் வகுப்புக்குத் திரும்பட்டும், மைதானம் அப்புறம். இதற்கென்று கூடுதல் மாற்று வீரரை அனுமதிக்கவே 2024-இல் விதி வந்துவிட்டது. உங்கள் மாவட்டப் போட்டியிலும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

அதே ஆசிரியர்: அப்படியானால் சின்னப் பிள்ளைகளுக்கு ஹெட்டிங் கற்றுத்தரலாமா?

அமெரிக்காவில் 10 வயதுவரை ஹெட்டிங்கே கிடையாது என்று 2015-இல் முடிவெடுத்தார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 2020-இல் தொடக்கப் பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் நிறுத்தின. முந்தைய ஆண்டுதான் கிளாஸ்கோ ஆய்வாளர்கள், பழைய ஸ்காட்டிஷ் தொழில்முறை வீரர்கள் மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு என்று கண்டிருந்தார்கள். ஐந்தாம் வகுப்புவரை காலுக்கே வேலை நிறைய இருக்கிறது சார்.

ஒரு ரசிகர், புதுச்சேரி: கோல் அடித்த மகிழ்ச்சியில் குட்டிக்கரணம் போடலாமா?

2014 அக்டோபரில் மிசோரமில் பீட்டர் பியாக்சாங்சுவாலா என்ற 23 வயது இளைஞர் கோல் அடித்துவிட்டுக் குட்டிக்கரணம் போட்டார். முதுகுத்தண்டு அடிபட்டுச் சில நாட்களில் இறந்தார். கையை மட்டும் உயர்த்துங்கள், அதிலும் மோதிரம் இல்லாமல். 2004-இல் சுவிட்சர்லாந்தின் பாவ்லோ டியோகோ கோலைக் கொண்டாட வேலியில் ஏறினார். கல்யாண மோதிரம் கம்பியில் மாட்டி விரல் போயிற்று. விரலைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு நடுவர் மஞ்சள் அட்டையும் காட்டினார்.

இல்லத்தரசி, கும்பகோணம்: மைதானத்துக்கே போகாவிட்டால் காயமே வராதல்லவா?

ஸ்பெயின் கோல்கீப்பர் கன்யிசாரெஸ் 2002 உலகக் கோப்பையைத் தவறவிட்டது ஹோட்டல் குளியலறையில். கைதவறிய சென்ட் பாட்டிலைக் காலால் தடுக்கப் பார்த்தார்.

போட்டி அமைப்பாளர், திண்டுக்கல்: மே மாதம் மூன்று மணிக்கு ஆட்டம் வைக்கிறோம். தண்ணீர் பாக்கெட் கொடுக்கிறோம். வேறென்ன?

நேரத்தை மாற்றுங்கள். வெயில், புழுக்கம் இரண்டையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு பாதியிலும் குளிர்விக்கும் இடைவேளை என்று 2014 பிரேசில் உலகக் கோப்பையிலேயே வந்துவிட்டது. திண்டுக்கல் மே மாதத்துக்கு ஐந்தரை மணிதான் சரி. யாராவது தள்ளாடி, சம்பந்தமில்லாமல் பேசினால் அது சோர்வு இல்லை, வெப்ப அதிர்ச்சி. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் ஐஸ் தண்ணீரில் குளிப்பாட்டுங்கள். முதலில் குளிர்விப்பு, அப்புறம்தான் பயணம்.

கிளப் செயலாளர், கோவை: ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் எதற்குச் செய்வது?

ஏ.இ.டி. என்ற இதய அதிர்வுக் கருவிக்கு. 2004-இல் பெங்களூரு ஃபெடரேஷன் கோப்பை இறுதியில் டெம்போ கிளப்பின் கிறிஸ்டியானோ ஜூனியர் இரண்டாவது கோலை அடிக்கும்போது கோல்கீப்பரோடு மோதி விழுந்தார், எழவில்லை. 2019 டிசம்பரில் பெரிந்தல்மண்ணாவில், கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளுக்கு ஆடிய தனராஜன் செவன்ஸ் ஆட்டத்தின் நடுவே நெஞ்சு வலித்துச் சரிந்தார். காப்பாற்ற முடியவில்லை. 2021 ஜூனில் கோபன்ஹேகனில் டென்மார்க்கின் எரிக்சன் அதேபோல் விழுந்தார். நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர்களும் அந்தக் கருவியும் பக்கத்திலேயே இருந்தன. எட்டு மாதத்தில் அவர் மறுபடி ஆட வந்தார்.

மோதல் இல்லாமல் ஒரு வீரர் விழுந்து அசையவில்லை என்றால் இதயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, நெஞ்சின் நடுவில், கையை நேராக வைத்து அழுத்த வேண்டும். கருவி வர ஒவ்வொரு நிமிடம் தாமதமாகும்போதும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அதைத் திறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதுவே பேசும், டாக்டர் தேவையில்லை.

கருவி வாங்கக் காசு சேரும்வரை ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலோ செஞ்சிலுவைச் சங்கத்திலோ கேட்டு, கோச், நடுவர், லைன்ஸ்மேன், டீ வாங்கிவரும் தம்பி உட்பட எல்லாரும் நெஞ்சை அழுத்தப் பழகுங்கள். 108 வண்டி எந்த கேட் வழியாக உள்ளே வரும், அந்த கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் முதல் ஆட்டத்துக்கு முன்பே பார்த்து வைத்துவிடுங்கள்.